அடக்கமும் இயலாமையும்

ஒருவரைப் பற்றி நற்சான்று கூற வேண்டிய வேளையில் நம்மவர் நாவில் முதலில் வந்து நிற்கும் சொல் 'அடக்கமானவர்' என்பது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் செல்வோர் இச்சொல்லைக் கேட்டுவிட்டால் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. அலுவலகப் பிரிவுபசார விழாவில், ஓய்வு பெறுகிறவர் முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் குரலை உயர்த்தியதில்லை என்று மேலதிகாரி புகழும்போது அவை கைதட்டுகிறது. பிழைப்பு நாடி வேற்று மாநிலத்துக்கு வந்த குடும்பங்களில் இப்புகழ்ச்சிக்கு மதிப்பு இன்னும் கூடுதல். ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களைப் பற்றி அண்டை வீட்டார் கூறும் பாராட்டும் பெரும்பாலும் இதுவே: வம்புக்குப் போகாதவர்கள், தாமுண்டு, தம் வேலையுண்டு என்றிருப்பவர்கள்.

இப்புகழ்ச்சியை ஏற்றுக்கொள்ள நமக்கு எந்த அளவு உரிமை உண்டு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குரலை உயர்த்தாதவர், உயர்த்த வல்லவராக இருந்தும் உயர்த்தாதிருந்தாரா? அல்லது உயர்த்தும் வலிமையே அவரிடம் இல்லாதிருந்ததா? வெளியே நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அமைதியாக இருக்கும் இருவரில் ஒருவர் அடங்கியிருக்கிறார், மற்றவர் முடங்கியிருக்கிறார். இருவர்க்கும் ஒரே மாலை, ஒரே கைதட்டல்.

கேள்வி புதிதன்று. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றாரில்லை. வெகுளாமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைத் தடுத்துக்கொள்பவனே உண்மையில் தடுப்பவன் என்ற கருத்தை வைத்துவிட்டார். எளியவன் வலியவனிடம் சினங்கொள்ளாமல் இருப்பது அவர் கணக்கில் பெரிய செய்தியன்று. ஆயினும் நமக்கு ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. நம்முடைய சினம் செல்லுமிடம் எது, செல்லாவிடம் எது என்பதை நாம் எவ்வாறு அறிவது? அடங்கியிருத்தலை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் உண்டா?

அத்தகைய அளவுகோல் ஒன்றை நான் கண்டது, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில். நீதி நூல்களிலோ மகான்களின் வரலாற்றிலோ அன்று. பெரியவர்கள் விளையாடும் ஒரு விளையாட்டின் விதிகளில். அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு உடன் வர வேண்டும்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதிரி விமானம் என்பது அறிமுகமான பொருள். பால்சா மரத்தின் மெல்லிய தகடுகளை வெட்டி, ஒட்டி, காகிதமோ பட்டோ போர்த்தி, சிறு இன்ஜின் பொருத்திச் செய்வது அது. அந்தச் சிற்றின்ஜின் குடிக்கும் எரிபொருளில் ஒரு பங்கு ஆமணக்கெண்ணெய் என்பதைக் கேட்டால் நம் பாட்டிமார் வியப்பர். மகபூப்நகரிலும் நல்கொண்டாவிலும் மேட்டு நிலங்களில் விளையும் அதே ஆமணக்குத்தான். குழந்தைகளின் வயிற்றைத் தூய்மை செய்த எண்ணெய் இன்ஜினின் உராய்வைத் தணிக்கிறது. இம்மாதிரி விமானங்களில் ஒருவகைக்குக் 'கன்ட்ரோல் லைன்' என்று பெயர். ஓட்டுபவர் வட்டத்தின் நடுவில் கைப்பிடி ஒன்றைப் பற்றி நிற்பார். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இறக்கை வழியே உள்ளே சென்று வாலிலுள்ள அசையும் பலகையை இயக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் வட்டமிட, ஓட்டுபவரும் அதனோடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றாமல் நிற்பதே முதற் பாடம். விமானப் பிரிவு மாணவர்களின் அகில இந்திய முகாம்களில் இவ்வகை விமானம் ஓட்டுவதும் போட்டிப் பொருளாக இருந்து வருகிறது.

இம்முறையை அமெரிக்காவில் பரப்பியவர் போர்ட்லாந்து நகரத்து ஜிம் வாக்கர். 1940-களின் தொடக்கத்தில் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதே ஓரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் இத்தகைய விமானத்தைச் செய்து பறக்கவிட்டிருந்தார். உரிமை கோராமல் இருந்துவிட்டார். பின்னாளில் வாக்கரின் காப்புரிமை வழக்கு மன்றம் சென்றபோது இந்த முன் நிகழ்ச்சி வெளிப்பட்டு, காப்புரிமை நிலைக்காமற் போயிற்று. உரிமை கோராதிருந்த அந்த மனிதரின் அமைதி எவ்வகையைச் சேர்ந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

கம்பி வழி விமானங்களுக்குப் பலவகைப் போட்டிகள் உண்டு. வேகப் போட்டி, குட்டிக்கரணப் போட்டி, ஒருவர் விமானத்தின் வால் நாடாவை மற்றவர் வெட்டும் சண்டைப் போட்டி எனப் பலவும் உண்டு. அவற்றுள் ஒன்று விமானந்தாங்கிக் கப்பற் போட்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்கக் கடற்படை தன் விமானத் தளங்களில் தேசிய மாதிரி விமானப் போட்டிகளுக்கு இடமளித்த காலத்தில் வளர்ந்தது அது. போர்க்கருவியை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். சதுரங்கத்தில் யானையும் குதிரையும் நகர்த்திய நாட்டில் அக்கேள்விக்கு நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை.

போட்டி நடக்கும் முறை இது. தரையில் கப்பலின் மேல்தளம் போன்ற ஒரு நீண்ட மேடை, விமானம் சுற்றும் வட்டத்தின் வளைவுக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கும். அதன் குறுக்கே வரிசையாகக் கயிறுகள். கயிற்றின் இரு முனைகளிலும் மணல் மூட்டைகள். விமானம் அந்த மேடையிலிருந்து எழும்ப வேண்டும். ஏழு சுற்றுகள் தன்னால் இயன்ற மட்டும் வேகமாகப் பறக்க வேண்டும். பிறகு ஏழு சுற்றுகள் தன்னால் இயன்ற மட்டும் மெதுவாகப் பறக்க வேண்டும். முடிவில் வாலடியில் உள்ள கொக்கியைத் தொங்கவிட்டு அதே மேடையில் இறங்கி, கயிறொன்றைக் கொக்கியால் பற்றி நிற்க வேண்டும். ஏழு சுற்று என்ற எண்ணிக்கை சோதிடக் கணக்கன்று. கம்பியின் நீளம் 60 அடி. அந்த அரைவிட்டத்தில் ஏழு முறை சுற்றினால் ஏறக்குறைய 2,640 அடி, அதாவது அரை மைல். நிறுத்துக் கடிகாரம் வைத்திருப்பவருக்குக் கணக்கு எளிதாகிறது.

இனி மதிப்பெண்ணைப் பார்ப்போம். நம் பொருளுக்கு வேண்டியது இதுதான். வேகத்துக்கு மதிப்பெண் உண்டு. அது எங்கும் உள்ள வழக்கம். மெதுவுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் மெதுவாகச் சென்றமைக்காக மட்டும் அது தரப்படுவதில்லை. வேகச் சுற்றின் வேகத்தை மெதுச் சுற்றின் வேகத்தால் வகுத்து, அந்த ஈவைக் கொண்டு மதிப்பெண் இடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒருவரின் விமானம் மணிக்கு 90 மைல் வேகத்தில் அரை மைலை 20 விநாடியில் முடித்துவிட்டு, பிறகு 15 மைல் வேகத்தில் அதே தொலைவுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் ஈவு 6. மற்றொருவரின் விமானமும் 15 மைலில் ஊர்ந்தது. ஆனால் அதன் உச்ச வேகமே 30 மைல்தான் எனில் ஈவு 2. மெதுச் சுற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மதிப்பெண் ஏட்டில் ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு.

நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாக்களில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி வைக்கிறோம் அன்றோ? காலைத் தரையில் ஊன்றாமல், கடைசியாக வந்து சேர்பவருக்கே பரிசு. மெதுவாகச் செல்வதும் ஒரு திறமை என்பதைச் சிறுவயதிலேயே காட்டிவிடும் நல்ல விளையாட்டு அது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. பரிசு பெற்ற பிள்ளைக்கு வேகமாக ஓட்டத் தெரியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. கப்பற் போட்டியின் விதி அதைக் கேட்கிறது. முதலில் உன்னிடம் உள்ளதைக் காட்டு. பிறகு அதை எவ்வளவு கட்டியாள்கிறாய் என்று பார்க்கிறோம் என்கிறது.

மெதுவாகப் பறப்பதில் என்ன அருமை என்று சிலர் எண்ணலாம். இன்ஜினின் விசையைக் குறைத்தால் வேகம் தானே குறைந்துவிடாதா? தரையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். பறக்கும் பொருளைத் தாங்கிப் பிடித்திருப்பது அதன் வேகமே. இறக்கை ஒரே சாய்வில் இருக்க, வேகம் பாதியானால் தூக்கும் ஆற்றல் கால் பங்காகும். வேகம் ஆறில் ஒன்றானால் முப்பத்தாறில் ஒன்றாகும். ஆகவே மெதுவாகப் பறக்க விரும்பும் விமானம் மூக்கை உயர்த்தி, இறக்கையைக் காற்றுக்கு மேலும் மேலும் சாய்த்துக் காட்ட வேண்டும். சாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். விமானம் கல்லைப்போல் விழும். அந்த எல்லையின் ஓரத்தில் காற்றின் எதிர்ப்பும் மிகுதி. ஆதலால் நடுத்தர வேகத்தில் பறப்பதற்கு வேண்டிய விசையைக் காட்டிலும் மிக மெதுவாகப் பறப்பதற்கு அதிக விசை வேண்டியிருக்கிறது. இன்ஜின் முழங்க, மூக்கு வானை நோக்க, முன்விசிறியின் இழுப்பிலேயே பாதி தொங்கியவாறு மாதிரி விமானம் நகருங்கால், அதன் ஓசைக்கும் நகர்ச்சிக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கும்.

இந்த ஒரு செய்திக்காகவே நான் இவ்விளையாட்டை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். ஆற்றல் குறைந்ததால் வரும் மெது வேறு. ஆற்றலைச் செலவிட்டு நிலைநிறுத்தும் மெது வேறு. முன்னது வீழ்ச்சியின் தொடக்கம்.

கம்பியின் நிலையும் கவனிக்கத் தக்கது. 90 மைல் வேகத்தில் சுற்றும் விமானம் தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையோடு ஓட்டுபவர் கையை இழுக்கிறது. 15 மைலில் அந்த இழுப்பு எடையில் கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. கம்பி தளர்ந்தால் கைப்பிடியை எப்படி அசைத்தும் பயனில்லை; விமானம் கட்டளைக்கு எட்டாததாகிவிடும். ஒரு காற்று வீச்சு போதும், அது வட்டத்தின் உள்ளே சாய்ந்து ஓட்டுபவரின் தலைமேலேயே வந்து விழ. இதற்காகவே வாலின் திருப்புப் பலகையைச் சற்று வெளிப்புறம் வளைத்து வைக்கிறார்கள்; மெதுச் சுற்றின்போது கம்பி வெளியேறும் இடத்தை நகர்த்தும் பொறியும் வைக்கிறார்கள். இன்ஜினின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் மூன்றாவதாக ஒரு கம்பியும் உண்டு. வேகமாகச் செல்லும்போது கட்டுப்பாடு தானே அமைகிறது. மெதுவாகச் செல்லும்போது அதை வலிந்து தேட வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடு என்றால் வேகத்தைக் குறைப்பது என்று நாம் வழக்கமாக எண்ணுவதற்கு இது நேர்மாறு.

இனி இறங்குதல். மேடையின் குறுக்கே கட்டிய கயிறும் மணல் மூட்டையும் விளையாட்டுக்காரர்கள் கற்பனை செய்துகொண்டவை அல்ல. 1911-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் யூஜீன் ஈலி என்னும் அமெரிக்கர், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலின்மேல் அமைத்த மரத்தளத்தில் தம் விமானத்தை இறக்கினார். கப்பல் ஒன்றின்மேல் விமானம் இறங்கியது அதுவே முதன்முறை. தளத்தின் குறுக்கே இருபதுக்கு மேற்பட்ட கயிறுகள். ஒவ்வொன்றின் முனைகளிலும் 50 பவுண்டு மணல் மூட்டை. நீரில் விழுந்தால் மிதப்பதற்கென்று மிதிவண்டி டியூபுகளை மார்பில் சுற்றிக்கொண்டிருந்தார் ஈலி. அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வேறோர் ஊரில், தரைமேல் நடந்த பறப்புக் காட்சியொன்றில் உயிர் நீத்தார்.

ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் முதலில் இறங்கியவர் ஆங்கிலக் கடற்படையின் எட்வின் டன்னிங். 1917 ஆகஸ்டு 2. கப்பலின் பெயர் பியூரியஸ். கப்பல் காற்றை எதிர்த்து விரைந்ததால், அதன் தளத்தை ஒப்பிடுங்கால் அவருடைய சிறு விமானம் கிட்டத்தட்ட நின்ற நிலையில் மிதந்தது. தளத்தில் நின்றவர்கள் கையால் பற்றி இழுத்து அமர்த்தினார்கள். ஐந்து நாள் கழித்து அவர் மீண்டும் முயன்றார். இறங்கும் தறுவாயில் இது சரிப்படாது என்று கண்டு, கைகாட்டி ஆட்களை விலக்கிவிட்டு மேலே எழ எண்ணி இன்ஜினைத் திறந்தார். இன்ஜின் திணறி அணைந்தது. விமானம் கப்பலின் பக்கவாட்டில் சரிந்து கடலில் விழுந்தது; டன்னிங் மாண்டார். மிக மெதுவாக இருந்த அந்தக் கணத்தில் அவருக்கு வேண்டியிருந்தது வேகம், அது கிடைக்கவில்லை.

கப்பலில் இறங்கும் இன்றைய விமானிகள் கைக்கொள்ளும் வழக்கம் கேட்பவரை மலைக்க வைக்கும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட் விமானம் கொக்கியால் கம்பியைப் பற்றி, 100 மீட்டருக்குள், இரண்டு மூன்று விநாடிக்குள் நின்றாக வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட அக்கணத்தில் விமானி செய்வது என்ன? இன்ஜினின் விசையை முழுதும் கூட்டுகிறார். கொக்கி தவறினால் உடனே எழும்பிச் செல்ல ஆற்றல் ஆயத்தமாக இருக்க வேண்டுமென்பதே காரணம். நிற்பதற்காக வந்தவன் முழு விசையோடு நிற்கிறான். 1961 மே 18-ஆம் நாள் நம் விக்ராந்த் கப்பலில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் இளம் அதிகாரியான தஹிலியானி. பிற்காலத்தில் இந்தியக் கடற்படையின் தலைமை ஏற்றவர். 2023 பிப்ரவரியில் புதிய விக்ராந்தின்மேல் நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் இறங்கிற்று. கடலில்லா இவ்வூரில் இருந்துகொண்டு கப்பல் விமானம் பேசுகிறானே என்று நகைக்க வேண்டா. துண்டிகலில் உள்ள விமானப்படைக் கல்விக்கழகத்தில் கடற்படையின் இளைஞர்களும் பறக்கக் கற்கிறார்கள். கப்பலுக்கு முன் அவர்கள் காண்பது தக்காணத்துப் பாறைகளைத்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் கேள்விக்குத் திரும்பினால், அடக்கம் என்ற சொல்லின் எடை மாறுகிறது. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேசியறியாதவர், இளைஞர்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. ஒருநாள், செய்யாத பயணத்துக்குச் செலவுப் பட்டியல் ஒன்று, மேலிடத்தார் ஒருவருக்கு வேண்டியவருடையது, அவர் மேசைக்கு வந்தது. விதியைச் சுட்டி, இதனை அனுமதிக்க இயலாது என்று நான்கு வரி எழுதினார். அழைத்துப் பேசினார்கள், ஊர் மாற்றம் பற்றியும் குறிப்பாகச் சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. எழுதியதை அடிக்கவும் இல்லை. பட்டியல் திரும்பிப் போயிற்று. இத்தனை ஆண்டுகளாக அந்த மெல்லிய குரலின் பின்னே இன்ஜின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

அதே கூடத்தில் மற்றொருவரும் இருந்தார். அவரும் அமைதிக்குப் பெயர் பெற்றவர். தண்ணீர் கொண்டுவரும் தற்காலிகப் பணியாளான ஒரு பெண்மேல், காணாமற்போன பணத்துக்காகப் பழி விழுந்தது. அப்பெண் அந்நேரம் அங்கே இல்லை என்பதை நேரிற் கண்டவர் இவர் ஒருவரே. வாய் திறக்கவில்லை. "நமக்கெதற்கு வம்பு" என்று பின்னர்ச் சொன்னாராம். அப்பெண் வேலை இழந்தாள். இவ்விருவருக்கும் பிரிவுபசார விழாவில் ஒரே சொல்லால் புகழுரை வழங்கப்பட்டது. மெதுச் சுற்றை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டால் இப்படித்தான் முடியும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லார்க்கும் பெரிய இன்ஜின் வாய்ப்பதில்லையே. ஏழையும், படிப்பில்லாதவனும், அயலூரில் மொழி தெரியாது வந்து நிற்பவனும் எதைக் கொண்டு வேகம் காட்டுவது? அவர்களுடைய பொறுமைக்கு மதிப்பே இல்லையா? நியாயமான தடை. விளையாட்டு விதி இதற்கும் ஓரளவு விடை வைத்திருக்கிறது. இன்ஜினின் அளவைக் கொண்டு பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். சிறிய இன்ஜின் பெரியதோடு மோத வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஈவு என்பது ஒரு விமானத்தின் வேகத்தை அதே விமானத்தின் மெதுவோடு ஒப்பிடுவது. அண்டை வீட்டுக்காரருடைய வேகம் அந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. தண்ணீர் சுமந்த அப்பெண்ணுக்கு இருந்த சிறு வலிமையை அவள் எவ்வாறு ஆண்டாள் என்பதே அவளைப் பற்றிய கணக்கு. கண்டவர் வாய் திறந்திருக்கலாம். அவருக்கு நிலையான வேலை இருந்தது, சங்கம் இருந்தது, சட்டம் இருந்தது. அவருடைய கணக்கு வேறு.

இயலாமை ஓர் இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. 1971-ஆம் ஆண்டுப் போரின்போது விக்ராந்த் கப்பலின் கொதிகலனில் விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட அதனால் இயலவில்லை. அதைத் தேடி வந்த காசி என்ற நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கிப்போன நாள்களில், விக்ராந்த் தன் குறையோடேயே வங்கக் கடலின் மறுபுறம் நின்று, டிசம்பர் 4-ஆம் நாள் காக்ஸ் பசார்மேலும் சிட்டகாங்மேலும் தன் விமானங்களை ஏவிற்று. குறையை அளந்து அறிந்து, அதற்குள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். கொதிகலன் வெடித்திருப்பதை நிதானம் என்று அழைத்து யாரும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. இயலாமைக்கு அதன் பெயரையே சூட்டினால் அதைச் சீர்செய்ய வழி பிறக்கும். அடக்கம் என்று பெயர் சூட்டிவிட்டாலோ, அதைத் தொடவும் மனம் வராது. பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் கொடுத்துவிடுவோம்.

மற்றொரு போலியும் உண்டு. அரசு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிப்பவன் இதைக் குறிப்பிடாமல் விட்டால் நேர்மையாகாது. கோப்பைத் தன் மேசையில் நிறுத்தி வைப்பவர் ஆற்றல் இல்லாதவரல்லர். ஒரு கையெழுத்தில் அதை அனுப்ப வல்லவர். வல்லமை இருந்தும் மெதுவாக இருக்கிறார் என்பதால் அவர் அடக்கமுடையவராகிவிடுவாரா? கப்பற் போட்டியில் மெதுச் சுற்றுகள் ஏழோடு முடிகின்றன. அதன்பின் விமானம் மேடையில் இறங்கியாக வேண்டும். ஒழுங்காக அமர்ந்து நின்றால் முழு மதிப்பெண்; மூக்குக் குப்புற விழுந்தால் குறைவு; எட்டாவது, ஒன்பதாவது என்று சுற்றிக்கொண்டே இருப்பவருக்குக் கூடுதலாக ஒன்றுமில்லை. ஓய்வூதியக் கோப்புகளுக்கும் இப்படி ஒரு விதி வரக்கூடாதா என்று ஏங்கும் முதியவர்களை நான் அறிவேன்.

ஒருவருடைய அமைதி எத்தகையது என்று அயலார் தீர்ப்பளிப்பது கடினம். வேகச் சுற்றைக் காட்டு என்று வாழ்க்கை எல்லாரையும் எல்லா நாளும் அழைப்பதில்லை. சிலருக்கு அந்த அழைப்பு ஓய்வு பெறும்வரை வராமலே போய்விடுகிறது. கம்பியின் இறுக்கத்தை உணர்வது கைப்பிடியைப் பற்றியிருக்கும் கை மட்டுமே. வட்டத்துக்கு வெளியே நிற்பவர் விமானத்தைப் பார்க்கலாம். இழுப்பைப் பார்க்க முடியாது. ஆகவே இந்த அளவுகோலைப் பிறர்மேல் வைத்துப் பார்க்க நான் துணியமாட்டேன். பேசியிருக்கலாம், பேசவில்லை என்ற நாள்களை நினைவில் எடுத்து, அன்று பேச இயலுமாயிருந்ததா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது ஒவ்வொருவரும் தனித்துச் செய்ய வேண்டிய வேலை. நிம்மதி தரும் வேலை என்று உறுதி கூற முடியாது.

நம் பிள்ளைகள் பற்றி ஒரு சொல். அமீர்பேட்டையிலும் குக்கட்பள்ளியிலும் தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையங்கள். அங்கே கற்பிக்கப்படுவதெல்லாம் வேகம்; மூன்று மணி நேரத்தில் எத்தனை வினா என்பதே பேச்சு. வீட்டிலோ நாம் கற்பிப்பது அடக்கம். ஒன்றை ஓரிடத்திலும் மற்றொன்றை வேறோரிடத்திலுமாகக் கற்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே இன்ஜினின் வேலை என்பது தெரிய வழியில்லை. பயிற்சி நிலையத்தில் முந்துவதற்கும் வீட்டில் வாய்மூடி இருப்பதற்கும் இடையே அது வளர்கிறது. அநியாயத்தைக் கண்ட இடத்தில் எப்பொழுது எழும்புவது, எப்படி இறங்குவது என்பதை இரண்டு இடத்திலும் யாரும் சொல்வதில்லை.

எனவே விளையாட்டுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கல் விழாவில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டியைச் சற்று மாற்றி அமைக்கலாம். அதே பாதையில், அதே வண்டியில், முதலில் ஒருமுறை இயன்ற வேகத்தில் ஓட்டட்டும். பிறகு ஒருமுறை இயன்ற மெதுவில் ஓட்டட்டும். முடிவில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் முன்சக்கரம் நிற்குமாறு நிறுத்தட்டும். மெதுவில் எடுத்த விநாடிகளை வேகத்தில் எடுத்த விநாடிகளால் வகுத்தால் ஈவு வந்துவிடும். சிறுவர், சிறுமியர், கியர் உள்ள வண்டி, இல்லாத வண்டி என்று பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம். இதற்கு இரண்டு நிறுத்துக் கடிகாரங்களும் வகுத்தற் கணக்குப் போட ஆளும் வேண்டுமே என்று செயலாளர் கவலைப்படலாம். கடிகாரம் இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. கணக்குப் போடுவதற்கு, நம் சங்கத்தில் எழுத்தர்களுக்கா பஞ்சம்?